கடல் தாண்டிப் போகும் கல்யாணக் கூட்டமும் ஒரு தாய்மாமனும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு விமானச் சீட்டு போடுவதையோ ஹோட்டல் அறை பிடிப்பதையோ நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு, கோலசிலாங்கூர் டவுனில் இருந்த பயண அலுவலகத்துக்குத் தேத்தண்ணி கலக்க வந்தவள். டிக்கெட் எழுதக் கற்றுக்கொண்டது கார்பன் தாளில். நீங்களோ எல்லாவற்றையும் கைப்பேசியில் முடித்துவிடுகிறீர்கள். ஆனால் ஒரு கல்யாணக் கூட்டத்தைக் கடல் தாண்டிக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது இன்னும் எந்தக் கைப்பேசிக்குள்ளும் அடங்கவில்லை. அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் நம் பக்கத்துக் கல்யாணம் ஜெராமில் தமிழ்ப்பள்ளி மண்டபம், தஞ்சோங் காராங்கில் கோயில் மண்டபம் என்று முடிந்துவிடும். இப்போது பிள்ளைகள் பாலி என்கிறார்கள், பூக்கெட் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். சுற்றுலாவுக்குப் போகிறவர் தனக்காகப் போகிறார். கல்யாணத்துக்குப் போகிறவர் இன்னொருவருக்காகப் போகிறார். பாகான் நக்கோடா ஓமாரில் நண்டு உடைக்கும் வேலை செய்யும் அத்தைக்கு விமானத்தில் இடுப்பு வார் மாட்டத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மாட்டார். சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தங்கச்சி மகளுக்கு மரியாதைக் குறைச்சல். தெரிந்த மாதிரியே உட்கார்ந்திருப்பார். அவர் வாய் திறக்காமல் இருப்பதற்கு என்ன காரணம் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

அலுவலகத்தில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். மருந்து, ஊசிநூல், எல்லாருடைய பாஸ்போர்ட் நகல்களும் மூன்று இடத்தில். பாலிக்கு ஒரு கூட்டத்தோடு போனபோது, பேட்மின்டன் பைக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த, மணவறையில் நடும் அரசாணிக்கால் கிளையை விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஹோட்டல் தோட்டத்தில் நின்ற உயிர் மரத்துக்கே மஞ்சள் துணி கட்டி, பெண்ணும் மாப்பிள்ளையும் அதைச் சுற்றிவந்தார்கள். வந்தவர்கள் அதுதான் ஏற்பாடு என்று நினைத்துப் பாராட்டினார்கள். இலை, பூ, கிழங்கு எதுவும் எல்லை தாண்டாது என்று அன்று முதல் தனித்தாளில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். பயம் எனக்குப் பல தடவை சோறு போட்டிருக்கிறது. ஆனால் பயப்படுகிறவள் எந்தப் பக்கம் பார்த்துப் பயப்படுகிறாள் என்பதும் முக்கியம். ஷாலினியின் கல்யாணத்தில் நான் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷாலினி ராவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்த பெண். அம்மா சரசு ஜெராமில் இருந்தார். அப்பா இல்லை. சரசுவின் அண்ணன் மாணிக்கம் கலும்பாங் பக்கத்துத் தோட்டமொன்றில் டிராக்டர் ஓட்டி ஓய்ந்தவர். மாப்பிள்ளைக்குக் கிள்ளான் ஊர். மலேசிய எல்லைக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தில் ஒரு சின்னத் தீவில் மணலில் பந்தல் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெண் வீட்டு ஆட்கள் பஸ்ஸில் கோலப்பெர்லிஸ், அங்கிருந்து ஃபெரி படகில் லங்காவி, லங்காவியில் ஓர் இரவு தங்கல், மறுநாள் காலை ஒன்பதரைக்கு விரைவுப் படகில் தீவு. அதற்கு அடுத்த நாள் முகூர்த்தம். இதுதான் ஏற்பாடு.

நாற்பத்தொரு பேருக்கும் கடப்பிதழ் நகல் கேட்டிருந்தேன். சரசு எல்லாவற்றையும் வாட்ஸாப்பில் அனுப்பினார். மாணிக்கத்துடையது மட்டும் வரவில்லை. அடையாள அட்டையின் கறுப்பு வெள்ளை நகல்தான் வந்தது.

"அண்ணனுக்கு இந்த வாட்ஸாப்பெல்லாம் வராது லா அக்கா. கையோட கொண்டாந்துருவாரு."

நானும் விட்டுவிட்டேன். அந்த நகலில் 'குடிமகன்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் வேறு சொல் இருந்திருக்கிறது. நான் பார்த்தது பெயரையும் எண்ணையும் மட்டும்.

புறப்பட்ட அன்று விடியற்காலை, பஸ் உள்ளே மங்கலான மஞ்சள் விளக்கு. எல்லாரும் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். "பாஸ்போட்டத் தூக்கிக் காட்டுங்க," என்றேன். நாற்பத்தொரு கை உயர்ந்தது. எல்லாக் கையிலும் சிவப்புப் புத்தகம். மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் சரியாக வந்தது. கைகளைத்தான் எண்ணினேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

பஸ் சிகிஞ்சான் வயல் பக்கம் போனபோது வெளுக்க ஆரம்பித்தது. நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்த வயல்கள். வானம் கீழேயும் இருந்தது, மேலேயும் இருந்தது. நடுவில் நாங்கள் எதன் மேல் போகிறோம் என்றே புரியாத மாதிரி பஸ் சத்தமில்லாமல் போனது. ஒருவர் தோளில் ஒருவர் தலை. கல்யாணப் பெண் வாயைத் திறந்து தூங்கினாள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. மடியில் மாப்பிள்ளை வீட்டார் என்னை நம்பிக் கொடுத்த தாலிப் பை. ஃபெரியில் ஏறியதும் அப்படித்தான். கண்ணாடியெல்லாம் உப்புப் படிந்து, கடல் பால் கலந்த மாதிரி தெரிந்தது. தீவுகள் பக்கத்தில் வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, பின்னால் போயின. இப்போதுகூட அந்தப் பயணத்தை நினைத்தால் நான் விழித்திருந்தேனா என்று சந்தேகமாக இருக்கும்.

லங்காவியில் கடற்கரைக்குப் பக்கத்துக் கம்பத்தில், அந்தச் சின்ன மலாய்க் கிராமத்தில், வரிசையாக நான்கு வீடுகள் எடுத்திருந்தோம். சாயங்காலம் படகுக்காரர் கேட்ட பட்டியலுக்கு எண்களை எழுத உட்கார்ந்தேன். நாற்பது கடப்பிதழ் சேர்ந்தது. மாணிக்கம் அண்ணன் கடற்கரைக்குப் போயிருக்கிறார் என்றார்கள்.

வற்றிய கடல். ஈர மணல் கண்ணுக்கெட்டிய தூரம் பளபளத்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தார். எதிரே தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக, நீலம் குறைந்துகொண்டே போயின.

"அண்ணே, பாஸ்போட்டக் குடுங்க. நம்பர் எழுதணும்."

"தங்கச்சி, அந்தா கடைசியா மங்கலாத் தெரியுதே, அதுதான் தாய்லாந்தாமே?"

"ஆமாண்ணே."

"இம்புட்டுக் கிட்டத்துலயா?"

"கிட்டந்தான். பாஸ்போட்டுண்ணே."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சிவப்பு அட்டை. திறந்தேன். உள்ளே இருபது வயது மாணிக்கத்தின் படம், தோட்டத்தின் பெயர், மங்கிய ரப்பர் முத்திரை. தொழிற்சங்க உறுப்பினர் புத்தகம்.

"பஸ்ஸுல இதத்தான் தூக்கிக் காட்டுனேன்."

"பாஸ்போட்ட வீட்டுல வச்சுட்டீங்களா?"

"எங்கிட்ட எப்பவும் இருந்ததில்ல தங்கச்சி."

அடுத்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். சிவப்பு அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் குடிமகன் இல்லை என்று சொல்லும் அட்டை. குடிமகனுடைய ஐசி நீலம். தண்ணீர் என் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுவரை இளஞ்சூடாக இருந்த தண்ணீர் சில்லென்று ஆன மாதிரி இருந்தது.

"சரசு ஆஸ்பத்திரில பொறந்தா. நா தோட்டத்து லயத்துல பொறந்தேன். அப்பா பேரு பதியப் போன அன்னிக்கு ஆபீஸ் அடைச்சிருந்துச்சாம். அப்பறம் அவரு போகவே இல்ல. நா பெரியவனானப்பறம் எழுதிப் போட்டேன், எழுதிப் போட்டேன், திரும்பித் திரும்பி வந்துச்சு. கடைசித் தடவ வந்தப்ப சரசுகிட்ட நீல ஐசி கெடச்சிருச்சுன்னு சொல்லிட்டேன். அவ ஒவ்வொரு தடவயும் அழுவறா. எத்தன தடவதான் இல்லன்னு சொல்றது?"

"நாளைக்கு என்ன செய்யறதா இருந்தீங்க?"

"வயித்து வலின்னு படுத்துக்கலாம்னு நெனச்சேன். லங்காவி வரைக்கும் வந்துட்டா பாதிக் கல்யாணத்துக்கு வந்த மாதிரிதான?"

"பட்டம் யாரு கட்டுவா?"

அவர் கை இடுப்புப் பக்கம் போனது. பட்டம் என்றால் கல்யாணப் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் கட்டும் பொன்தகடு. நம் குடும்பங்களில் மாமன் அதைக் கட்டித்தான் பெண் மணவறைக்குப் போவாள். அதை வாங்கி மஞ்சள் துணியில் சுற்றி இடுப்பில் செருகி வைத்திருந்தார். அப்பா இல்லாத பெண்ணுக்கு அதைக் கட்டப்போகும் ஒரே ஆள் அவர்தான்.

"யாருக்கும் சொல்லாதீங்க தங்கச்சி," என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் நின்றால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சொல்லாமல் இருப்பது சுலபம். பெரியவர் கேட்கிறார், மானம் போகும் விஷயம். ஆனால் காலையில் ஒன்பது மணிக்கு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் சரசு படகில் ஏற மாட்டார். அம்மா ஏறாவிட்டால் பெண் ஏற மாட்டாள். ஒரு ரகசியத்தை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பது அது யாருடைய ரகசியம் என்பதைப் பொறுத்தது இல்லை, யாருடைய காலையைக் கெடுக்கும் என்பதைப் பொறுத்தது. இன்னும் பதினான்கு மணி நேரம் கையில் இருந்தது.

"நீங்க சொல்றீங்களா, நா சொல்லவா?"

"நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது," என்றார்.

வீட்டு வாசலில் பாய் விரித்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். சரசுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தனியாக என்று நான் நினைத்தேன். கல்யாண வீட்டில் தனியிடம் ஏது? சரசு அண்ணனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்கிட்டயே பொய் சொன்னியாண்ணே?"

சரசு அழவில்லை. அழாததுதான் மாணிக்கத்துக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் சித்தப்பா வேலு எங்களோடு வந்திருந்தார். நல்ல மனிதர், கலகலப்பானவர், எந்த வேலைக்கும் வழி தெரிந்தவர். இப்படிப்பட்டவர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அரைமணி நேரம் காணாமல் போய்த் திரும்பி வந்தார்.

"முடிஞ்சுது லா சிஸ்டர். மீன் போட்டுக்காரன் ஒருத்தன்கிட்டப் பேசிட்டேன். விடியறதுக்குள்ள ஏத்திக்கிட்டுப் போயி அந்தப் பக்கம் மணல்ல எறக்கி விட்டுருவான். கல்யாணம் முடிஞ்சதும் அதே மாதிரித் திரும்பிக் கொண்டாந்துருவான். படகேறும் ஜெட்டிப் பக்கமே போக வேணாம்."

"இமிகிரேசன்?"

"அதுக்குத்தான ஜெட்டிப் பக்கம் போக வேணாங்கறேன்."

எல்லார் முகமும் மலர்ந்தது. சரசுவின் முகமும்தான். "கூட்டிட்டுப் போயிருங்கக்கா. எங்கண்ணன் பட்டம் கட்டாம எம்மக எப்படி மணவறைக்குப் போவா?" என்று என் கையைப் பிடித்தார். மாணிக்கம்கூட எழுந்து நின்றார். அந்த மங்கல் வெளிச்சத்தில் அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் ஆசை தெரிந்தது. தூரத்துத் தீவில் யாரோ விளக்கு ஏற்றியிருந்தார்கள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. நாலு பேர் முன்னால் சத்தமாகப் பேசினால் குரல் நடுங்கும். அன்றைக்கும் நடுங்கியது.

"வேணாம்," என்றேன்.

"எதுக்கெடுத்தாலும் பயந்தா எப்படி லா சிஸ்டர்?" வேலு சித்தப்பா சிரித்தார். "நீங்க பஸ்ஸு பிரேக்குப் போட்டாலே சாமி கும்புடற ஆளு. எத்தனையோ பேரு போறான், வர்றான்."

"போறவங்க புடிபட்டா அவங்க ஊருக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"அதத்தான நானும் சொல்றேன். என்ன பெரிய விசயம்?"

நான் மாணிக்கத்தைப் பார்த்தேன். "அண்ணே, ஒங்களப் புடிச்சா எந்த ஊருக்கு அனுப்புவாங்க?"

தாய்லாந்து தன்னுடையவர் இல்லை என்னும். பத்திரம் இல்லாமல் வெளியே போனவரை இந்த நாடு எப்படித் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. எடுத்துக்கொண்டாலும் அந்தச் சிவப்பு அட்டை அவர் கையில் மிஞ்சுமா என்பதும் தெரியாது. இந்தியாவை அவர் படத்தில்கூட அதிகம் பார்த்தவர் இல்லை. அவர் பொழுதெல்லாம் கழிந்தது கலும்பாங் மலைக்கும் ராவாங் சாலைக்கும் நடுவில்.

மாணிக்கம் மெல்ல மறுபடி படியில் உட்கார்ந்தார்.

"அவங்க சொல்றது சரி," என்றார். "எனக்குத் திரும்பி வர்றதுக்கு ஒரே ஒரு வாசல்தான் இருக்கு. அத நானே சாத்திக்க முடியாது."

அப்போதுதான் ஷாலினி வெளியே வந்தாள். குளித்த ஈரத் தலையோடு எல்லாவற்றையும் சன்னல் வழியாகக் கேட்டிருந்தாள். மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கட்டிப் பிடிக்கவில்லை, அழவில்லை.

"பட்டம் இங்கயே கட்டுனா என்ன மாமா?"

"முகூர்த்தம் நாளன்னிக்கில்ல புள்ள?"

எல்லாரும் குருக்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கோலசிலாங்கூரிலிருந்து எங்களோடு பஸ்ஸில் வந்தவர். தேத்தண்ணியில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். அது உடைந்து உள்ளே விழும்வரை பேசவில்லை.

"முகூர்த்தம் அசையாது," என்றார். "ஆனா பட்டம் கட்டறது முகூர்த்தத்துக்கு முந்தி. எம்புட்டு முந்தின்னு நா படிச்ச எந்த ஏட்டுலயும் போடல. கட்டலாம். கட்டுனத மட்டும் தாலி ஏறுற வரைக்கும் அவுக்கக் கூடாது."

"தூங்கறப்ப சாமி?" என்றாள் ஷாலினி.

"மல்லாந்து படு."

சரசு சிரித்துவிட்டார். சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. எழுந்து போய் அண்ணன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "பொய்க்காரன்," என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூச்சுவிட முடிந்தது.

காலை எட்டு மணிக்குக் கடற்கரை மணலில் பாய் விரித்தோம். இரவே நீர் ஏறி இறங்கியிருந்தது. மணலில் ஒரு காலடியும் இல்லை. பனிமூட்டம் கடலையும் தீவுகளையும் மூடியிருந்ததால் எதிரே தாய்லாந்து இல்லை, எல்லை இல்லை, ஒன்றும் இல்லை. வெள்ளை மட்டும்தான். ஷாலினி கிழக்குப் பார்த்து உட்கார்ந்தாள். வேலு சித்தப்பா அவள் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, முகூர்த்தம் தப்பிப் போகிற மாதிரி எல்லாரையும் விரட்டினார். மாணிக்கம் மாலை போட்டார். பிறகு மஞ்சள் துணியைப் பிரித்தார். டிராக்டர் ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள். நூல் முடிச்சு இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை விழுந்தது. அலைகூடத் தள்ளி நின்ற மாதிரி இருந்தது.

பிறகுதான் என் வேலை மறுபடி தொடங்கியது. மாலை பூ. பூ எல்லை தாண்டாது. அதைக் கழற்றி மாமா கையிலேயே கொடுக்கச் சொன்னேன். பட்டம் நெற்றியில் இருந்தது.

ஜெட்டியில் குடிநுழைவுக் கவுண்டர் வரைக்கும் மாணிக்கம் வந்தார். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார். ஒவ்வொருவராகப் போனோம். ஷாலினியின் முறை வந்தபோது உள்ளே இருந்த மலாய்ப் பெண் அதிகாரி கடப்பிதழில் இருந்த படத்தைப் பார்த்தார், அவள் நெற்றியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பட்டம் நெற்றியை முழுதாக மறைத்திருந்தது.

கழற்றச் சொன்னார்.

பின்னால் சரசு என் முழங்கையை இறுக்கினார். படகு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் முன்னால் போய் மலாயில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஷாலினி எனக்குக் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த அதிகாரியைப் பார்த்து, கல்யாணம் முடியும்வரை கழற்றக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள்.

"சியாப்பா இக்காட்?" என்று கேட்டார் அதிகாரி. யார் கட்டியது என்று.

ஷாலினி திரும்பிக் கோட்டுக்கு அப்பால் நின்றவரைக் காட்டினாள். "பாக் சிக் சாயா." என் மாமா என்று.

கையில் மாலையைச் சுமந்துகொண்டு நின்ற பெரியவரை அந்தப் பெண் பார்த்தார். அவர் ஏன் கோட்டைத் தாண்டி வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கலாம். அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு இப்படி நிற்கிறவர்களைத் தெரியும். கண்ணையும் மூக்கையும் வாயையும் படத்தோடு ஒருமுறை சரிபார்த்தார். முத்திரை குத்தினார். "செலாமாட்," என்று வாழ்த்தினார்.

தீவில் எல்லாம் நன்றாகவே நடந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நன்றாக நடக்கிற கல்யாணத்தில் பயண ஏற்பாட்டாளருக்கு நினைவு மிஞ்சுவதில்லை. மணலில் பந்தல், வெளிநாட்டுச் சிநேகிதர்கள், பட்டத்தின் மேல் வெயில். தாலி ஏறியதும் சரசு பட்டத்தை அவிழ்த்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். நான் மட்டும் அடிக்கடி தெற்கே திரும்பிப் பார்த்தேன். லங்காவி மலை மேகத்துக்குள் கரைந்தும் தெரிந்தும் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

அதன் பிறகு நான் கூட்டிப் போன எந்தக் கூட்டத்திலும் யாரையும் புத்தகத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னதில்லை. மூன்று மாதத்துக்கு முன்பே வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு கடப்பிதழையும் என் கையால் திறந்தேன். அடையாள அட்டைக்கு வண்ண நகல் கேட்டேன். தோட்டத்தில் பிறந்த பெரியவர்களிடம் தனியாக, அடுப்படிப் பக்கமோ கார் பக்கமோ கூட்டிப் போய், "நீலமா சிவப்பா?" என்று கேட்டேன். முகம் சுளித்தவர்கள் உண்டு. சிவப்பு என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டவர்களும் உண்டு. அவர்களுக்குக் கடப்பிதழுக்குப் பதிலாக ஒரு பயணப் பத்திரம் கிடைக்க வழி உண்டு, நாளாகும், முன்கூட்டியே கேட்க வேண்டும். இதை நீங்களும் கேளுங்கள். கூட்டத்தின் நடுவில் மட்டும் கேட்காதீர்கள்.

திரும்பி வந்த அன்று ஜெட்டியில் மாணிக்கம் நின்றிருந்தார். முதலில் ஷாலினியின் கடப்பிதழை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, அந்த முத்திரையைக் கண்டுபிடித்து, விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குத்தானா இவ்வளவும்," என்றார். யாரையும் குறை சொல்லும் குரல் இல்லை. ஆச்சரியப்படுகிற குரல்.

இரண்டு வாரம் கழித்து ஜெராமில் சரசு வீட்டுக்குப் பயணப் பத்திர விண்ணப்பத்தோடு போனேன். பத்திரம் கையில் வர ரொம்ப நாளானது. வந்தது. நீல அட்டைக்கும் மறுபடி எழுதிப் போட்டோம். அது இன்னும் வரவில்லை. நான் சொல்ல வந்தது அந்த மத்தியானத்தை. வெளியே மீன் லோரி போகும் சத்தம், சன்னலில் கடல் காற்று, சரசு உள்ளே ஏதோ வறுத்துக்கொண்டிருந்தார். மாணிக்கம் எனக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தார். நான் கேட்டுக் கேட்டு எழுதினேன். பெயர், அப்பா பெயர். பிறந்த இடம் என்ற கட்டம் வந்தது.

"கலும்பாங்னு போட்டுறவாண்ணே?"

"கலும்பாங் டவுனு. நா பொறந்தது தோட்டத்துல. தோட்டத்துப் பேரு எழுதுங்க. ரெண்டாவது டிவிசன். ஏழாம் நம்பர் லயம், கெணத்துப் பக்கமிருந்து மூணாவது வீடு."

"கட்டம் இத்தனூண்டுதான் இருக்குண்ணே. அவ்வளவும் பத்தாது."

அவர் எழுந்து வந்து, என் தோளுக்கு மேலாகக் குனிந்து, அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சின்ன எழுத்துல எழுதுங்க தங்கச்சி," என்றார். "பத்தும்."

எழுதினேன். பத்தியது.